பழைய குசினியை இடிக்க முதல் சுவரை ஒருக்கால் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் இப்போது எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு பழைய வீடு திறந்து கிடக்கிறது, படலையடியில் கல்லும் மண்ணும் குவிந்து கிடக்கிறது. வெளிநாட்டில் இருந்து காசு வந்தோ, காணி உறுதிப் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தோ, நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடுகளை ஆட்கள் திருத்தத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அநேகமான வீடுகளில் முதலில் இடிபடுவது குசினி. வீட்டை வைத்துக்கொண்டு குசினியை மட்டும் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சீமெந்துக் கல்லால் ஒரு பெட்டி கட்டி, தட்டுக் கூரை போட்டு, உள்ளே ரைல்ஸும் பான்ரி அலுமாரியும் அடிக்கிறார்கள். இதில் பாதிக்கு மேற்பட்ட குசினிகள் இடிக்கத் தேவையில்லாதவை என்பது என் எண்ணம். திருத்தத் தெரிந்த கை இல்லாததால்தான் இடிக்கிறோம். அந்தக் கையை உருவாக்குவதற்கு உங்கள் பத்திரிகை உதவவேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது, சுருக்கினாலும் பரவாயில்லை, சுவரைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் இருப்பது இணுவிலில், அம்மாவின் சீதன வீட்டில். நடுமுற்றம் வைத்து நான்கு பக்கமும் கட்டிய நாற்சார் வீடு இல்லை. முன்னுக்கு விறாந்தை, நடுவில் கூடம், இரண்டு அறை, பின்பக்கம் தாழ்வாரத்தால் போய்ச் சேர்கிற ஒரு குசினி. வெள்ளைக்கல்லும் (எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்) சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர், கூரை தாங்குகிற பனை வளை, அதன்மேல் ஓடு தாங்குகிற பனஞ்சிலாகை, ஓட்டுக் கூரை. 1990களில் பொருளாதாரத் தடையால் ஒரு பை சீமெந்துகூட எடுக்க முடியாமல் இருந்ததும், 1995 இடப்பெயர்வும், பிறகு வந்த வருடங்களும் என்று இந்தக் குசினியை யாரும் கவனிக்கவில்லை. ஓய்வு பெற்று அங்கே குடிவந்ததும் முதல் வேலையாகக் குசினியைத் திருத்த நினைத்தேன். வந்து பார்த்த மேசன்மார் எல்லாருக்கும் ஒரே பேச்சு. "உதைத் தள்ளிப்போட்டுப் புதுசாக் கட்டுறதுதான் சுகம் ரீச்சர், உதுக்குள்ள காசைக் கொட்டாதைங்கோ." அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது சீமெந்து வேலை, அதை நேர்மையாகச் செய்கிறார்கள்.

அவர்கள் காட்டிய குறை என்னவென்றால் சுவரின் அடிப்பகுதி. நிலத்தில் இருந்து இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது, கையால் தட்டினால் பொத்தென்ற சத்தம், சில இடங்களில் வெள்ளையாக மா மாதிரி உதிர்ந்தது. "சுவர் செத்துப் போச்சு" என்றார் ஒருவர். ஆனால் உண்மையில் செத்தது சுவர் இல்லை. பிற்காலத்தில் யாரோ பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மேலே சீமெந்து பூசியிருக்கிறார்கள், அந்தப் பூச்சுத்தான் செத்திருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய சுவர்களுக்கு அடியில் ஈரம் தடுக்கிற பட்டை எதுவும் இல்லை. நிலத்தில் உள்ள ஈரம் மெல்ல மெல்லக் கல்லுக்குள்ளால் மேலே ஏறும், கூடவே உப்பையும் கொண்டுவரும். வெளியே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் பூச்சுக்குள்ளால் வந்து காற்றில் காய்ந்துவிடும். உப்பு பூச்சின் மேற்பரப்பில் படியும், சில வருடத்துக்கு ஒருமுறை பூச்சு கொஞ்சம் உதிரும், பொங்கலுக்கு முதல் வெள்ளை அடிக்கும்போது அதையும் சரிப்படுத்தி விடுவார்கள். உதிர்வதற்கென்றே உள்ள பூச்சு அது, கல்லைக் காப்பாற்றுவதற்காகத் தான் உதிர்கிறது. அதன் மேல் சீமெந்தைப் பூசினால் வியர்த்த உடம்புக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்ட மாதிரித்தான். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், உப்பு சீமெந்துக்குப் பின்னால் சேர்ந்து வளர்ந்து பூச்சைத் தள்ளும், பூச்சு விழும்போது மென்மையான வெள்ளைக்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். உடனே நாங்கள் என்ன செய்கிறோம்? அசிங்கமாக இருக்கிறது என்று ரைல்ஸ் ஒட்டுகிறோம். அப்புறம் ஈரம் ரைல்ஸ் முடிகிற கோட்டுக்கு மேலே ஏறி அங்கே உப்பத் தொடங்கும். நான்கு அடிக்கு ரைல்ஸ் ஒட்டிய பழைய வீட்டுச் சுவர்களைப் போய்ப் பாருங்கள், ஐந்தாவது அடியில் கறை இருக்கும்.

கடைசியில் சுன்னாகம் பக்கத்தில் ஒரு வயதான மேசன் ஐயாவைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்தோம். சின்ன வயதில் தகப்பனோடு சுண்ணாம்பு வேலைக்குப் போனவர். வந்ததும் ஒரு சாமானும் கேட்கவில்லை, சுவரை விரலால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார், கரண்டியால் ஒரு இடத்தில் சுரண்டிப் பார்த்தார், பிறகு சொன்னார்: "கல்லுக்கு ஒண்டும் இல்லை பிள்ளை. உந்தச் சீமெந்தைக் கழட்டிப்போட்டு ஒரு மழைக்காலம் சும்மா விடும். உள்ளுக்க நிக்கிற ஈரம் முதல்ல போகட்டும்." அப்படியே விட்டோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த இடத்தால் தண்ணீர் வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பாதி ஈரம் நிலத்தால் வரவேயில்லை, கூரைத் தாழ்வாரத்தில் இருந்து விழுகிற மழைத்தண்ணீர் சுவரடியில் தெறித்துத்தான் வந்தது. கூரைத் தண்ணீரை ஏந்துகிற பீலி பூட்டி, சுவரைச் சுற்றி உயர்ந்து கிடந்த மண்ணை வெட்டி இறக்கி, தண்ணீர் வளவுக்குள் ஓடச் செய்ததும் சுவர் தானாகக் காயத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் பூச்சு வேலை.

சுண்ணாம்பு வேலை பொறுமையான வேலை. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்ற வேண்டும். அப்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து, சிறுபிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது. நீற்றிய சுண்ணாம்பை நன்றாக ஊற விட்டுத்தான் எடுப்பார்கள், எவ்வளவுக்கு ஊறுகிறதோ அவ்வளவுக்கு வடிவாகப் பூசலாம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். அந்த மணல் கடற்கரை மண்ணாக இருந்தால் நாங்களே உப்பைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்தது மாதிரி ஆகிவிடும், அதனால் உப்பில்லாத மணலாகத் தேட வேண்டும். மெல்லிய படையாகப் பூசி, அது இறுகிய பிறகு அடுத்த படை. சித்திரை வெயிலில் செய்தால் வெடிக்கும், தை மாசி நல்ல காலம், அப்போதும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு மெல்லக் காயவிட வேண்டும். காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்து அது மெதுவாகத் திரும்பவும் கல்லாகிறது, அவசரப்படுத்த முடியாது. மேல் பூச்சுக்கு அந்தக் காலத்தில் பனங்கட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எங்கள் குசினிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணக் கோட்டை மதில் 17ஆம் நூற்றாண்டில் இருந்து முருகைக்கல்லும் (கடல் பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புமாக நிற்கிறது. எத்தனை ஷெல் விழுந்தும் முழுதாகச் சரியவில்லை. சுண்ணாம்பு பலமில்லாதது என்று சொல்கிறவர்கள் ஒருநாள் கோட்டை இருக்கிற பண்ணைக் கடற்கரைப் பக்கம் போய்ப் பார்க்கட்டும்.

மேசன் ஐயாவிடம் நான் கேட்டேன், இந்த வேலை எப்போது கைவிடப்பட்டது என்று. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்த பிறகு என்றார். 1950இல் தொடங்கியது, 1990இல் சண்டையோடு நின்றது. அந்த நாற்பது வருடத்தில் எங்கள் சுண்ணாம்புக்கல்லே சீமெந்தாகிப் பையில் வந்ததால், சூளையும் நீற்றுக் கிடங்கும் யாருக்கும் தேவைப்படவில்லை. ஐயாவுக்கு இப்போது ஏணியில் ஏற முடியாது, கீழே நின்று சொல்லச் சொல்ல இரண்டு பொடியன்கள் செய்தார்கள். அவருடைய சொந்தப் பிள்ளைகள் ஒருவரும் இந்தத் தொழிலில் இல்லை.

கூரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த வளையைக் கறையான் இலேசில் தொடாது. குசினியில் அதைவிட ஒரு பாதுகாப்பு, அடுப்புப் புகை. எங்கள் குசினிச் சிலாகைகள் கன்னங்கரேலென்று புகை ஏறி இருந்தன, பார்க்க அசிங்கம், ஆனால் ஆணி இறங்காத அளவுக்கு உறுதி. பூட்டிக் கிடந்த அறைகளின் மேல் இருந்த சிலாகைகளில்தான் உளுத்தது அதிகம். மரவேலை செய்கிற ஓடாவியார் உளுத்ததை மட்டும் கழற்றிவிட்டு, பக்கத்து வளவில் இடித்த வீட்டு மரத்தை வாங்கிப் போட்டார். புதுப் பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும், எடுத்தாலும் அந்த வயதுப் பனை இப்போது எங்கே இருக்கிறது? அப்படியிருக்க, இடிக்கிற வீடுகளில் இருந்து வருகிற வளைகளை விறகாகக் கொத்தி எரிக்கிறோம். பார்க்கவே வயிறு எரிகிறது. ஓட்டுக்கு இடையில் மூன்று நான்கு கண்ணாடி ஓடு போட்டோம், பகலில் மின்குமிழ் தேவையில்லை. சண்டைக்குப் பிறகு ஓடு கிடைக்காமல் அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட குசினிகள் நிறைய உண்டு. கழற்றும்போது தயவுசெய்து அடித்து உடைக்காதீர்கள், நனைத்து முழுதாக இறக்குங்கள், மூக்கை வாயை மூடிக் கட்டுங்கள். அஸ்பெஸ்ரஸ் தூசு புற்றுநோய் தரும், அதில் எந்த வகையும் விலக்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பழைய குசினி பெண்களை வருத்திய இடம். இருட்டு, ஒரு சின்ன யன்னல், குனிந்து நிலத்தில் இருந்து ஊதுகிற அடுப்பு, கண் எரிச்சல், இருமல். என் அம்மம்மாவின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்ததில்லை. ஆகவே அடுப்பை உயர்த்தினோம், யன்னலைப் பெரிதாக்கினோம், அடைபட்டுக் கிடந்த புகைக்கூட்டைத் துப்பரவாக்கித் திறந்தோம். ஆனால் விறகடுப்பை எடுக்கவில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்ததும், 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். விறகடுப்பை உடைத்து எறிந்த வீடுகளில் அப்போது முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். இன்றைக்கும் ஒடியல் கூழ் காய்ச்சவும் நெல் அவிக்கவும் எனக்கு அந்த அடுப்பு வேண்டும். காஸ் அடுப்பு வேறாக யன்னலோரம் இருக்கிறது, சிலிண்டர் சுவருக்கு வெளியே. காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் நிலத்தில் தங்கும், அதனால் சுவரின் அடியில் ஒரு காற்றுத் துவாரம் கட்டாயம் வேண்டும். மேலே மட்டும் துவாரம் விட்டுக் காரியமில்லை.

குசினியை ஏன் தென்கிழக்கு மூலையில் வைத்தார்கள் என்று யோசித்தேன். அக்கினி மூலை என்பார்கள். சோழகம் தென்மேற்கில் இருந்து அடிக்கிறது, வாடை வடகிழக்கில் இருந்து அடிக்கிறது, தென்கிழக்கு மூலையில் புகைந்தால் இரண்டு காலத்திலும் புகை வீட்டுக்குள் நேரே போகாது. சாத்திரம் எதற்காகச் சொன்னதோ தெரியாது, இந்தக் காற்றுக் கணக்கு எனக்குப் போதும். புதுக் குசினியை வசதிக்காக வீட்டின் நடுவுக்குக் கொண்டுவருகிறவர்கள் இதையும் பார்க்கலாம்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் புது மோஸ்தர்க் குசினிகள் உண்மையாகவே கெடுதல் செய்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, எல்லாம் நிலத்தடித் தண்ணீர். அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளாலும் குகைகளாலும் ஓடுகிற தண்ணீர், கீரிமலைக் கேணியும் நிலாவரையும் அதற்குச் சாட்சி. நிலத்தில் ஊற்றுவது மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே கிணற்றுக்குப் போய்ச் சேரக்கூடிய நிலம் இது. குடிதண்ணீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் இருப்பதாக ஆய்வுகள் பல வருடங்களாகச் சொல்கின்றன. அதற்குப் பெரிய காரணம் தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழிகளும்தான், குசினி இல்லை. ஆனால் சிங்க் பூட்டி, அதன் குழாயை மலகூடக் குழியோடு இணைத்து விடுகிறார்கள். அதிகத் தண்ணீர் போகப் போக அந்தக் குழி நிரம்பி, உள்ளே இருப்பது வேகமாக வெளியே தள்ளப்படுகிறது. முன்பு கிணற்றடியில் சட்டி பானை கழுவிய தண்ணீர் வாழைக்குப் போனது, அதைப் போல நல்ல ஏற்பாடு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் சிங்க் தண்ணீரை எண்ணெய் தங்கி நிற்கிற ஒரு சின்னத் தொட்டியால் விட்டு, அங்கிருந்து வாழைப் பாத்திக்குத் திறந்த வாய்க்காலில் விட்டிருக்கிறோம். தொட்டியில் மிதக்கிற எண்ணெயை வாரத்துக்கு ஒருக்கால் வழித்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். மீள்குடியேறிய காணிகளில் குழி கிண்டுகிறவர்கள் கவனம், சண்டைக் காலத்து வெடிபொருள் மாதிரிச் சந்தேகமாக ஏதாவது தென்பட்டால் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

மின்சாரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய வயறிங்கில் எர்த் கம்பி இருக்காது. ட்ரிப் சுவிச்சும் எர்த்தும் இல்லாமல் ஈரக் கையோடு கிரைண்டர் தொடுகிற இடம் குசினி. வயர் கொண்டுபோவதற்காகக் கல்லுச் சுவரைக் கொத்தவும் விடாதீர்கள், வெளியால் கேசிங் அடித்தால் போதும்.

கடைசியாக வருவதுதான் அலுமாரி. ஆனால் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள், காசில் பெரும்பகுதியும் அதற்கே போகிறது. அழுத்திய மரத்தூள் பலகை எங்கள் ஈரத்துக்கும் கறையானுக்கும் நிற்காது. அடிப்பக்கம் உப்பிய அலுமாரிகளை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். கொங்கிறீற் தட்டுப் போட்டு, வேப்பம் பலகையில் கதவு பூட்டினோம். கறுப்புக் கிரனைட் வேண்டாம் என்றேன், எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அதில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். மேடையின் உயரத்தைக் கடைக்காரரின் அளவில் விடாமல், சமைக்கிறவரின் முழங்கைக்குக் கொஞ்சம் கீழாக வருகிற மாதிரி அளந்து கட்டுங்கள். பழைய சிவப்புச் சீமெந்து நிலத்தை அப்படியே விட்டோம், வெடிப்பை மட்டும் அடைத்தோம். எங்கள் நிலம் ஈரம் பட்டாலும் வழுக்குவதில்லை, வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அது பெரிய விஷயம்.

செலவு குறைந்ததா என்று கனடாவில் இருக்கிற தம்பி கேட்டான். சாமானுக்குக் குறைவு, கூலிக்கு அதிகம். கூடுதலாகப் போனது காலம். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிற சகோதரங்களிடம் ஒன்று கேட்கிறேன்: லீவில் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று நாள் குறிக்காதீர்கள். உங்களுக்காக அவசரமாகப் பூசுகிற பூச்சு நீங்கள் திரும்பிப்போன பிறகு விழுகிறது, அதற்குள் இருப்பவர்கள் உங்கள் அம்மாவும் அக்காவும்.

இனி நான் கேட்பது. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியில் மேசன் வேலை படிக்கிற பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு வேலையையும் ஒரு பகுதியாகச் சேர்க்க வேண்டும். படிப்பிக்க ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் எல்லாருக்கும் எழுபது, எண்பது வயது. அவர்களிடம் சான்றிதழ் இல்லை என்று தள்ளக்கூடாது, கௌரவமான சம்பளத்தோடு கூப்பிட வேண்டும். கிளிநொச்சியில் உள்ள யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்கள் எங்கள் வெள்ளைக்கல்லுக்கும் மணலுக்கும் எந்தக் கலவை பொருந்தும் என்று சோதித்து, மேசன்மாருக்கு விளங்குகிற தமிழில் எழுதித் தரலாம். சுண்ணாம்பு சுடுவதற்குக் கடலில் முருகைக்கல் எடுப்பது தடை, அது சரியான தடை, அதை யாரும் தளர்த்தக் கேட்கவில்லை. பூச்சு வேலைக்குத் தேவைப்படுகிற சுண்ணாம்பு கொஞ்சம்தான். பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் ஒரு வெறும் காணியை ஒதுக்கினால், இடிக்கிற வீடுகளின் ஓடு, வளை, கதவு, நிலை எல்லாவற்றையும் அங்கே சேர்த்து வைத்து, தேவைப்படுகிறவர்கள் நியாய விலைக்கு எடுக்கலாம்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மாரும் பழைய கூரை வேலை தெரிந்த ஓடாவிமாரும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று வாசகர்களை எழுதச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால் வாரத்துக்கு ஒருவரைப் பற்றி, அவர் வேலையை எப்படிச் செய்கிறார் என்று விபரமாகப் போடுங்கள். நான் மேலே சொன்ன ஐயாவிடம் கேட்டுவிட்டேன், உங்கள் செய்தியாளர் வந்தால் கதைக்கத் தயார் என்றார், காலையில் வரச் சொன்னார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
இணுவில்.